ஸ்பிரிங்ஃபீல்டு லிங்கன் டூர்: காசு கொடுத்து கைடு எடுக்கணுமா, நாமளே சுத்திக்கலாமா?

நேப்பர்வில் குமரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர்லேர்ந்து அப்பா, அம்மா வந்திருக்காங்க. அப்பா திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில சரித்திர வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். வந்து இறங்கினதுலேர்ந்து அவருக்கு ஒரே கேள்விதான்: "லிங்கன் ஊர் இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?" அதான், அதிபராகுறதுக்கு முன்னாடி லிங்கன் வாழ்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு. நயாகரா கூட்டிட்டுப் போறேன்னேன், நியூயார்க் போகலாம்னேன், மனுஷன் அசையலை.

அவர் வேலை பார்த்த பள்ளியில ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல, "ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம்" ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கும். நம்மள்ல பாதிப் பேர் படிச்ச பள்ளியிலயும் இருந்திருக்கும். அந்தக் கடிதத்தோட அசல் ஸ்பிரிங்ஃபீல்டு மியூசியத்துலதான் இருக்கும்னு அவராவே முடிவு பண்ணிட்டார்.

சிகாகோவுலேர்ந்து ஒரே நாள்ல கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்ற வேன் டூர் ஒண்ணு பார்த்தேன். நாலு பேருக்குக் கணக்குப் போட்டா கொஞ்சம் கூசுது. நாமளே கார்ல போனா கைடு இல்லாம அப்பாவுக்கு விஷயம் போய்ச் சேருமான்னு சந்தேகம். அவருக்கு முட்டி வலி உண்டு, படி ஏறினா உட்கார்ந்துடுவார். அம்மாவுக்கு இதுல துளியும் இஷ்டமில்லை. "செத்துப்போனவங்க வீட்டைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?"னு கேக்குறாங்க. பொண்ணு ரெண்டாவது படிக்கிறா.

அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. காசு கொடுக்குற டூர் வேணுமா? எதை முதல்ல பார்க்கணும், எதை விடலாம்?

---

ஹைட்பார்க் ராஜா:

பாஸ், அதிபர் வேணும்னா எதுக்கு மூணு மணி நேரம் ஓட்டணும்? சிகாகோ தெற்குப் பக்கம் ஒபாமா இருக்கார்ல. ஹைட்பார்க்ல 53ஆவது தெருவும் டார்செஸ்டரும் சேருற முனையில, அவரும் மிஷெலும் முதல் முத்தம் கொடுத்துக்கிட்ட இடம்னு பாறையில பலகையே பதிச்சு வச்சிருக்காங்க. அப்ப அங்க ஐஸ்கிரீம் கடை இருந்ததாம். அவர் முடி வெட்டிக்கிட்ட சலூன்ல அந்த நாற்காலிய இப்பவும் காட்சிக்கு வச்சிருக்காங்க. கென்வுட்ல வீடு இருக்கு, ஆனா தடுப்பு போட்டு வச்சிருப்பாங்க, மரத்தைத்தான் பார்க்கலாம்.

வாத்தியாரை முத்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போறது உங்க தைரியம் 😀

---

சங்கமன் சாரதா:

குமரன் தம்பி, நான் ஸ்பிரிங்ஃபீல்டுலயேதான் குப்பை கொட்டுறேன். மாநில அரசு டிபார்ட்மென்ட் ஒண்ணுல கம்ப்யூட்டர் வேலை. மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் லிங்கன் தெருவுல ஒரு நடை போயிட்டு வர்ற ஆள் நான். மதுரையிலேர்ந்து எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் லிங்கன் வீடு தப்ப முடியாதுன்னு எங்க சொந்தத்துல ஒரு பேர் உண்டு. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல காசு விஷயம். லிங்கன் குடும்பம் இருந்த வீட்டுக்கு டிக்கெட்டே கிடையாது, இலவசம். அது இன்னிக்கு நேத்திக்கு வந்த ஏற்பாடு இல்லை. மூத்த மகன் ராபர்ட் 1887-ல வீட்டை மாநில அரசுக்கு எழுதிக் கொடுக்கும்போதே, நல்லபடியா பராமரிக்கணும், பார்க்க வர்றவங்ககிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு நிபந்தனை போட்டுட்டார். இப்ப அது தேசியப் பூங்காத் துறைகிட்ட இருக்கு. ஏழாவது தெருவுல இருக்குற வரவேற்பு மையத்துக்குப் போய் நேரம் போட்ட சீட்டு வாங்கிக்கணும், அந்த நேரத்துக்கு ரேஞ்சர், அதாவது பூங்காத் துறை ஊழியர், வந்து கூட்டிட்டுப் போவார். கார் நிறுத்தத்தான் மணிக்கணக்குல காசு. இதையும் உள்ளே சேர்த்து "ஸ்பெஷல் கைடட் டூர்"னு விக்கிற வேன்காரங்க இருக்காங்க. வீட்டுக்குள்ள பேசப் போறது எப்படியும் அந்த ரேஞ்சர்தான். வேன்காரர் வெளியில நின்னு போன் பார்த்துக்கிட்டிருப்பார்.

அடுத்தது வரிசை. இதுதான் நான் அடிச்சுச் சொல்ற விஷயம். முக்கால்வாசிப் பேர் முதல்ல மியூசியத்துக்குப் போறாங்க. போகாதீங்க. 2005-ல திறந்த மியூசியம் அது, பிரமாதமா கட்டியிருக்காங்க. உருவ பொம்மை, புகை, சத்தம், மேடையில ஆவி மாதிரி எழுத்து பறக்குற ஷோ எல்லாம் உண்டு. அதைப் பார்த்துட்டு எட்டாவது தெரு வீட்டுக்கு வந்தா, "இவ்வளவுதானா?"ன்னு சப்புனு போயிடும். வீட்டை முதல்ல பார்த்துட்டு மியூசியத்துக்குப் போனா, அங்க காட்டுற ஒவ்வொண்ணுக்கும் மனசுல ஒரு இடம் இருக்கும்.

வீடு எட்டாவது தெருவும் ஜாக்சன் தெருவும் சேருற மூலை. வாழ்நாள்ல அவர் சொந்தமா வச்சிருந்த ஒரே வீடு இதுதான். தனக்குக் கல்யாணம் பண்ணி வச்ச பாதிரியார்கிட்டேர்ந்து 1844-ல வாங்கினார். 1,200 டாலர் ரொக்கம், மிச்சத்துக்கு ஒரு மனை. அப்ப ஒன்றரை மாடிதான். வக்கீல் தொழில் நல்லா ஓட ஆரம்பிச்ச பிறகு, 1850-கள்ல முழு ரெண்டு மாடியா எடுத்துக் கட்டினாங்க. மரக்குடிசையில பிறந்த ஏழைன்னே படிச்சிட்டு வர்ற நம்ம ஆளுங்களுக்கு இங்கதான் முதல் அதிர்ச்சி. புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் தனித்தனிப் படுக்கையறை, சுவர்ல பூப்போட்ட காகிதம், விருந்தாளிக்குன்னு தனி முன்கூடம். 1860 மே மாசம் 19ஆம் தேதி கட்சிக்காரங்க வந்து "நீங்கதான் எங்க வேட்பாளர்"னு முறைப்படி சொன்னது அந்த முன்கூடத்துலதான்.

மாடிக்குப் போற படியில ஒரு கைப்பிடி இருக்கு. அது அசல். "இதைத் தொடலாம், லிங்கனும் இதைப் பிடிச்சுத்தான் ஏறினார்"னு ரேஞ்சரே சொல்லுவார். மத்த எதையும் தொட விடமாட்டாங்க. அப்பாவுக்கு முட்டி வலின்னா சீட்டு வாங்கும்போதே கவுண்டர்ல சொல்லிடுங்க, என்ன வசதி இருக்குன்னு சொல்லுவாங்க. எங்க மாமனார் மாதிரி "நான் ஏறிடுவேன்"னு வீம்பு பண்ணினா, அந்தக் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு நிதானமா ஏறட்டும். மேல அவர் அறையில முகம் மழிக்கிற கண்ணாடி மாட்டியிருக்குற உயரத்தைப் பாருங்க. ஆறடி நாலங்குல மனுஷனுக்கு மாட்டினது, என் தலை உச்சிகூட அதுல தெரியாது.

வீட்டுல இருபது இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஆகும். அதுக்கப்புறம் அவசரப்படாதீங்க. சுத்தி நாலு பிளாக் தெருவை அந்தக் காலத்து மாதிரியே வச்சிருக்காங்க, கார் வராது, பலகை போட்ட நடைபாதை. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாத்துக்கும் கதை உண்டு. எனக்குப் பிடிச்ச இடம் எந்த வீடும் இல்லாத ஒரு காலி மனை. லிங்கன் வீட்டுலேர்ந்து அதே தெருவுல தெற்கே கொஞ்சம் நடந்தா வரும். ஜேம்சன் ஜென்கின்ஸ்னு ஒரு கறுப்பினத்தவர் அங்க குடியிருந்தார். வண்டி ஓட்டிப் பிழைச்சவர். அடிமைத்தனத்துலேர்ந்து தப்பி ஓடி வந்தவங்களை வடக்கே கடத்தி விட்டவர். 1861 பிப்ரவரி 11, லிங்கன் வாஷிங்டனுக்குக் கிளம்பின காலையில அவரை ரயில் நிலையத்துக்கு வண்டியில கொண்டுபோய் விட்டது இதே ஜென்கின்ஸ்தான். அடிமைகளை விடுவிச்ச பிரகடனத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, இந்த ஆள் ஏற்கனவே தன் கையால அந்த வேலையப் பார்த்துக்கிட்டிருந்திருக்கார். ரேஞ்சர்கிட்ட இவரைப் பத்திக் கேளுங்க, அவங்க முகம் மலர்ந்துடும்.

அந்த ரயில் நிலையம் இன்னும் இருக்கு, பத்தாவது தெருவும் மன்றோ தெருவும் சேருற இடம். கார்ல போயிடுங்க. மறுநாள் அவருக்கு 52ஆவது பிறந்தநாள். மழைத் தூறல்ல ரயில் பெட்டியோட பின்பக்கம் நின்னு ஊர் ஜனங்களுக்கு ரெண்டு நிமிஷம் பேசினார். கால் நூற்றாண்டு இங்க வாழ்ந்தேன், என் குழந்தைகள் இங்க பிறந்தாங்க, ஒரு குழந்தைய இங்கதான் புதைச்சிருக்கேன்னு. ரெண்டாவது பையன் எட்டி நாலு வயசு முடியறதுக்குள்ள 1850-ல அந்த வீட்டுலயே போயிட்டான். வீட்டைப் பார்த்துட்டு நேரா இங்க வந்தீங்கன்னா அந்த வரி வேற மாதிரி கேக்கும். திரும்பி வருவேனா தெரியலைன்னும் சொன்னார். உயிரோட திரும்பலை.

பாப்பாவுக்கு ஒண்ணு சொல்லணுமே. லிங்கன் வீட்டு நாய் பேரு ஃபிடோ. ரயில் சத்தம்னா அதுக்கு நடுக்கம்னு வாஷிங்டனுக்குக் கூட்டிட்டுப் போகாம, தெரிஞ்ச குடும்பத்துப் பசங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க. அந்த நாயோட போட்டோகூட இருக்கு. எங்க அக்கா பேத்தி லிங்கனை மறந்துட்டா, ஃபிடோவை மறக்கலை.

மத்தியானம் மியூசியம். ஏசி உண்டு, நடுநடுவுல உட்கார்ந்துக்கலாம், முட்டிக்கும் நல்லது. அப்பாவைக் கண்டிப்பா ஒரு திரை முன்னாடி நிறுத்துங்க: உள்நாட்டுப் போர் மொத்தத்தையும் வரைபடத்துல நாலு நிமிஷத்துல காட்டுவாங்க. ஒரு வாரத்துக்கு ஒரு நொடி. மூலையில செத்தவங்க, காயம்பட்டவங்க எண்ணிக்கை ஓடிக்கிட்டே இருக்கும். சரித்திரம் நடத்தின மனுஷன் அதை ஒரு தடவையோட விடமாட்டார். அப்புறம் ஒரு இடைவழி உண்டு, ரெண்டு பக்கச் சுவர்லயும் அந்தக் காலப் பத்திரிகைகள் லிங்கனைக் கிழிகிழின்னு கிழிச்ச கார்ட்டூனா மாட்டி, காதுல கிசுகிசுன்னு வசவு கேக்குற மாதிரி வச்சிருக்காங்க. குரங்குன்னு திட்டியிருக்காங்க. பாப்பாவை அதுல வேகமா கடத்திடுங்க.

இனி கடிதம். இதைப் பக்குவமா அப்பாகிட்ட சொல்லுங்க. அந்தக் கடிதத்துக்கு அசல் எங்கயும் இல்லை, ஏன்னா லிங்கன் அதை எழுதினதுக்கு ஆதாரமே இல்லை. அவர் எழுதின காகிதத்தையெல்லாம் துண்டுச் சீட்டு முதற்கொண்டு தேடித் தொகுத்திருக்காங்க, அதுல இது கிடையாது. அங்க போய் கவுண்டர்ல கேட்டு "இல்லை"ன்னு பதில் வந்தா அப்பா முகம் சுண்டிப்போகும், வீட்டுலயே சொல்லிடுறது மேல்.

ஆனா வெறுங்கையோட சொல்லாதீங்க. உண்மையான கடிதம் ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. ராபர்ட் ஹார்வர்டு நுழைவுத் தேர்வுல முதல் தடவை பதினாறு பாடத்துல பதினஞ்சுல தோத்தான், அதை அவனே பின்னாடி சொல்லியிருக்கான். ஒரு வருஷம் வேற பள்ளியில படிச்சு 1860-ல உள்ளே போயிட்டான். அவனோட சேர்ந்து படிச்ச ஸ்பிரிங்ஃபீல்டு பையன் ஜார்ஜ் லாதம் அந்தத் தடவை தோத்துட்டான். இந்தச் சேதி மகன் கடிதத்துல தெரிஞ்ச மறுநாளே, 1860 ஜூலை 22, அதிபர் தேர்தல்ல நிக்கிற மனுஷன் அந்தப் பையனுக்கு உட்கார்ந்து எழுதுறார். உன் தோல்வி கேட்டு நான் பட்ட வேதனை மாதிரி வாழ்க்கையில அதிகம் பட்டதில்லை, ஆனா நீ மனசு வச்சா தோக்க மாட்டே, இறங்கிட்டே, ஜெயிச்சுத்தான் ஆகணும்னு. தன் பையனுக்குக்கூட இல்லை, அடுத்த வீட்டுப் பையனுக்கு! நெட்ல தேடினா முழுசாக் கிடைக்கும். பிரிண்ட் எடுத்து அப்பா கையில கொடுத்துட்டு அப்புறம் மத்ததைச் சொல்லுங்க.

ஒரே நாள்ல போயிட்டுத் திரும்பாதீங்க. ராத்திரி தங்குங்க. மறுநாள் காலையில லிங்கன் சமாதி இருக்குற ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டம், அதைப் பத்தித் தனியா எழுதணும். கை வலிக்குது, டீ போட்டுட்டு வர்றேன்.

---

வாஷிங்டன் வேலு:

சாரதா அவர்கள் எழுதியது அருமை. ஆனாலும் கட்டணச் சுற்றுலாவை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் வாஷிங்டனில் வசிக்கிறேன். லிங்கன் கொலை நடந்த இடங்களைச் சுற்றிக் காட்டும் மாலை நேர நடைச் சுற்றுலா ஒன்றில் காசு கொடுத்துத்தான் போனேன். 1865 ஏப்ரல் 14 இரவு அவரைச் சுட்ட ஃபோர்டு தியேட்டரும், மறுநாள் காலை 7:22-க்கு உயிர் பிரிந்த எதிர்வீடும் எல்லோருக்கும் தெரியும். ஆள் உயரமாக இருந்ததால் கட்டிலில் குறுக்காகத்தான் படுக்கவைக்க முடிந்தது என்பதும் பலகையிலேயே படிக்கக் கிடைக்கும்.

ஆனால் தியேட்டரின் பின்பக்கச் சந்து? லிங்கனைச் சுட்ட பூத் குதிரையேறித் தப்பித்தது அதன் வழியாகத்தான். இன்று அதைச் சாதாரணச் சந்து என்று கடந்துவிடுவோம். சதிகாரர்கள் கூடிய மேரி சுராட்டின் விடுதிக் கட்டடம் இப்போது சைனா டவுனில் ஒரு உணவகம். வாசலில் சிறு பலகை இருக்கிறதுதான். கைடு கைகாட்டியிருக்காவிட்டால் நான் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுச் சரித்திரம் தெரியாமலேயே வெளியே வந்திருப்பேன். அந்த அம்மாள்தான் அமெரிக்க மத்திய அரசு தூக்கிலிட்ட முதல் பெண்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியருக்குக் கேள்வி கேட்க ஓர் ஆள் கூடவே வேண்டும். இருபது நிமிட ரேஞ்சர் போதுமா?

---

சங்கமன் சாரதா:

வேலு சார், நீங்க சொல்றது உங்க ஊருக்குச் சரி. அங்க இடமெல்லாம் சிதறிக் கிடக்கு, பாதி மாறிப்போச்சு, கைடு இல்லைன்னா நீங்க சொன்ன மாதிரி நூடுல்ஸ்தான். எங்க ஊர்ல லிங்கன் பேர் எழுதாத விளக்குக் கம்பம் கிடையாது. தொலைஞ்சு போகணும்னு நெனச்சாலும் முடியாது. கேள்வி கேக்கவும் ஆள் உண்டு: சமாதியில, பழைய சட்டமன்றத்துல எல்லாம் அரசாங்க ஊழியர்கள் நிப்பாங்க, கூட்டம் இல்லாத நேரத்துல போனா சலிக்காமப் பேசுவாங்க. கோடையில பள்ளிக் கூட்டம், பஸ் கூட்டம் காலை பத்து மணிக்கு மேலதான் வரும், அதுக்குள்ள போயிடுங்க.

சரி, சமாதி. அவரை எங்க புதைக்கிறதுன்னே பெரிய சண்டை. ஊர்ப் பெரியவங்க நகரத்துக்கு நடுவுல ஒரு மேட்டை வாங்கி அங்க கல்லறைகூடக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஊருக்கு வர்றவங்க ரயில்லேர்ந்து இறங்கினதும் கண்ணுல படணுமாம். லிங்கன் மனைவி மேரி அம்மா ஒத்துக்கலை. அமைதியான இடம் வேணும், ஓக் ரிட்ஜ்தான், இல்லைன்னா உடம்பை வேற ஊருக்குக் கொண்டுபோயிடுவேன்னு நின்னு சாதிச்சாங்க. அந்த மேட்டுலதான் இப்ப மாநிலத்தோட புதுச் சட்டமன்றக் கட்டடம் நிக்குது, என் ஆபீஸ் ஜன்னல்லேர்ந்து தெரியும். மேரி அம்மாவைப் பைத்தியம், செலவாளின்னு எழுதாத ஆள் இல்லை. இந்த ஒரு விஷயத்துல ஊரைவிட அவங்களுக்குத்தான் புத்தி இருந்துச்சு.

அப்பாவுக்குப் பிடிக்கிற கதை அதுக்கப்புறம்தான். 1876 தேர்தல் நாள் ராத்திரி, சிகாகோவுலேர்ந்து கள்ள நோட்டுக் கும்பல் ஒண்ணு வந்து லிங்கன் உடம்பையே திருடப் பார்த்துச்சு. ஜெயில்ல இருக்குற அவங்களோட அச்சுத் தகடு செதுக்குறவனை விடணும், ரெண்டு லட்சம் டாலரும் வேணும்னு பேரம் பேசத் திட்டம். பூட்டை அறுத்து சவப்பெட்டிய வெளியில இழுக்குற வரைக்கும் போயிட்டாங்க, கூட்டாளியா சேர்த்துக்கிட்ட ஒருத்தன் போலீஸ் உளவாளியா இருந்ததால மாட்டினாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் பெட்டிய அடித்தளத்துல ஒளிச்சு வச்சிருந்தாங்க, மேல ஜனங்க காலிப் பெட்டகத்துக்கு மரியாதை செஞ்சுட்டுப் போயிருக்காங்க. கடைசியில 1901-ல ராபர்ட் சொன்னபடி பத்தடி ஆழத்துல இரும்புக் கூண்டு, மேல கான்கிரீட் போட்டு மூடினாங்க. மூடுறதுக்கு முன்னாடி உள்ளே இருக்குறது அவர்தானான்னு ஒரு தடவை திறந்து பார்த்தாங்க, இருபத்துமூணு பேர் சாட்சி. இன்னிக்கு உள்ளே பார்க்குற சிவப்புக் கல் அடையாளத்துக்குத்தான், உடம்பு அதுக்குக் கீழ ஆழத்துல.

வாசல்ல ஒரு பெரிய வெண்கலத் தலை இருக்கும். ரஷ்மோர் மலையைச் செதுக்கின போர்க்லம் செஞ்சது. மூக்கைத் தேய்ச்சா அதிர்ஷ்டம்னு ஜனங்க தேய்ச்சுத் தேய்ச்சு மூக்கு மட்டும் தங்கமா மின்னும். உங்க அம்மாவுக்கு அந்த ஊர்ல மனசு ஒட்டுற இடம் இதுவா இருக்கும்னு என் கணிப்பு, எங்க அம்மா மூணு பேரன் பேர் சொல்லித் தேய்ச்சாங்க.

பழைய சட்டமன்றம் பத்தி ஒரு வார்த்தை. "பிளவுபட்ட வீடு நிலைக்காது"ன்னு 1858-ல அவர் பேசினது அங்கதான். 1865 மே மாசம் அவர் உடம்பைக் கிடத்தினதும் அங்கதான், எழுபத்தஞ்சாயிரம் பேர் வரிசையில வந்து பார்த்தாங்க, 1860 கணக்கெடுப்புல பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர்ல. ராஜா தம்பி, உங்க ஒபாமா 2007 பிப்ரவரியில பல்லு கிட்டுற குளிர்ல போட்டியிடுறேன்னு அறிவிச்சதும் அந்தக் கட்டடத்து வாசல்லதான், அதனால உங்களுக்கும் இங்க ஒரு வேலை இருக்கு. அப்பா அசலை விரும்புற ஆள்னா முன்கூட்டியே சொல்லிடுங்க: 1960-கள்ல கல்லு கல்லாப் பிரிச்சு, நம்பர் போட்டு, கீழ கார் நிறுத்துமிடம் தோண்டிட்டு மறுபடி அடுக்கினது. வெளிச்சுவர்க் கல் பழசு, உள்ளே இருக்குறது புதுசாக் கட்டினது. மராமத்து வேலைன்னு மூடியும் வைப்பாங்க, வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. மியூசியத்துலயும் ஒரு உயரத் தொப்பி விவகாரம் நடந்துச்சு. லிங்கனோடதுன்னு பெரிய விலை கொடுத்து வாங்கின தொகுப்புல வந்தது, அவர் தலையில இருந்ததுக்குச் சான்று தேடித் தேடிக் கிடைக்கலை.

இப்ப வேலு சார் கேள்விக்கு உண்மையான பதில். காசு கொடுத்தாவது ஒரு கைடு வேணும்னு நான் நினைக்கிற இடம் இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணு, அதை எந்த பேக்கேஜ்லயும் சேர்க்க மாட்டாங்க. 1908 ஆகஸ்ட். ஒரு வெள்ளைக்காரப் பெண் சொன்ன குற்றச்சாட்டை வச்சு, வெள்ளையர் கும்பல் கறுப்பர் குடியிருப்பைக் கொளுத்துச்சு. ரெண்டு பேரைக் கட்டித் தொங்கவிட்டாங்க. அதுல ஒருத்தர் வில்லியம் டானகன், எண்பது வயசு வாக்குல இருந்தவர், செருப்புத் தைக்கிறவர், லிங்கனுக்கும் தைச்சுக் கொடுத்தவர்னு சொல்லுவாங்க. அந்தப் பெண் பின்னாடி தான் சொன்னது பொய்ன்னு ஒத்துக்கிட்டா. லிங்கன் ஊர்லயே இப்படி ஆச்சேங்குற வெட்கத்துலதான் அடுத்த வருஷம், அவரோட நூறாவது பிறந்தநாள்ல, கறுப்பர் உரிமைக்கான தேசியச் சங்கம் பிறந்துச்சு. ரயில் பாதை வேலைக்குத் தோண்டும்போது எரிஞ்ச வீடுகளோட அஸ்திவாரம் கிடைச்சுது, 2024 ஆகஸ்ட்ல அதைத் தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சாங்க.

நான் ஒரு தடவை வேன் டூர்ல விருந்தாளிங்களோட போனப்ப கைடுகிட்ட இதைக் கேட்டேன். "இது குடும்பங்களுக்கான டூர் மேடம்"னு சிரிச்சுட்டு அடுத்த தெருவுக்குத் திருப்பிட்டார். வண்டிக்குள்ள ஏசி நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் வேன் ஏறலை. நகரத்துல அங்கங்க குறிப்புப் பலகை வச்சிருக்காங்க, கார்லயே மெதுவாப் போய்ப் படிக்கலாம். உங்க அப்பா படிப்பார்.

---

ஹைட்பார்க் ராஜா:

அக்கா, மூக்கு தேய்க்க நானும் வர்றேன். சாப்பாடு என்ன கிடைக்கும்னு யாரும் சொல்லலையே?

---

நேப்பர்வில் குமரன்:

சாரதா அக்கா, எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. வேன் கேன்சல், ஒரு ராத்திரி தங்குறோம்.

லாதம் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மத்த விஷயத்தை அப்புறம் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அப்ப அந்த ஃப்ரேம்ல இருக்குறதை எழுதினது யாரு?"ன்னார். தெரியாதுன்னேன். "எவனோ நல்ல வாத்தியாராத்தான் இருக்கணும்"னுட்டு லாதம் கடிதத்தை எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிட்டார். சாயங்காலம் பார்த்தா, ஓரத்துல பென்சிலால தமிழ்ல எழுதிக்கிட்டிருக்கார். ஊர்ல இப்ப இருக்குற ஹெட்மாஸ்டருக்கு அனுப்பணுமாம்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்க. "அந்த வீட்டுல அடுப்பங்கரை எப்படி இருக்கும்? அதைக் காட்டுவாங்களா?" வேற எதுலயும் ஆர்வமில்லைன்னு மறுபடி சொல்லச் சொன்னாங்க.

ராஜா கேட்டதையும் சேர்த்துக் கேக்குறேன், அம்மா சைவம்.

---

சங்கமன் சாரதா:

அம்மாவுக்கு: காட்டுவாங்க, அது நல்ல அடுப்பங்கரை. மேரி அம்மா 1860-ல வாங்கின இரும்பு விறகடுப்பு இன்னும் அங்கயே இருக்கு. லிங்கன் சின்ன வயசுல குடும்பத்தோட இருந்த ஒத்தை அறைக் குடிசையோட மொத்த அளவே ஏறக்குறைய இந்த அடுப்பங்கரை அளவுதான்னு ரேஞ்சருங்க சொல்லுவாங்க. கொல்லையில மாட்டுக்கொட்டாய் இருந்துச்சு, வக்கீலய்யாவே பால் கறப்பாராம். வீட்டோட கக்கூஸும் கொல்லையிலதான், ஒரே பலகையில ஒண்ணுக்கு மேல ஓட்டை. கூச்சப்படாமக் கேக்கச் சொல்லுங்க, ரேஞ்சருக்கு இது தினம் வர்ற கேள்வி.

அப்பா எழுதுற தமிழ் முடிஞ்சதும் எனக்கும் ஒரு பிரதி வேணும்.

சாப்பாடு: இந்த ஊர்ப் பெருமை குதிரைலாடம்னு ஒரு சமாச்சாரம். தடி ரொட்டி, அதுமேல கறி, அதுமேல மலையா உருளைக்கிழங்கு வறுவல், எல்லாத்துக்கும் மேல சீஸ் குழம்பை ஊத்துவாங்க. ராஜா தம்பிக்கு அது போதும், அப்புறம் மூணு மணி நேரம் தூங்கிடுவார். சில கடையில கறி இல்லாமலும் போட்டுத் தருவாங்க, ஆனா அம்மா அதைப் பார்த்துட்டு உங்களைப் பார்ப்பாங்க. பேசாம புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கிட்டு வந்துடுங்க. வீட்டுக்குள்ளதான் தின்னக் கூடாது, தெருவுல மரத்தடி பெஞ்ச் கிடக்கு. ஊறுகாய் மறந்துட்டா எனக்குத் தனிச்செய்தி போடுங்க, என் ஆபீஸ்லேர்ந்து நடக்குற தூரம்தான்.